அடுத்த அடி

இம்மானுவேல் ஜால் இன்று உலகறிந்த ராப் பாடகர். அன்றைய சூடானின் தென்பகுதியில், 1980ஐ ஒட்டிப் பிறந்தவர். ஏழு வயதளவில் உள்நாட்டுப் போரில் தாயைப் பறிகொடுத்தார். எத்தியோப்பிய அகதி முகாமை நோக்கி நடந்துபோன ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் ஒருவராகி, அங்கே கிளர்ச்சிப் படையின் கைக்குப் போய், விளையாட வேண்டிய வயதில் துப்பாக்கி தூக்கினார். சில ஆண்டுகள் கழித்துச் சக சிறுவர்களோடு படையிலிருந்து தப்பி நடந்தபோது, பசியும் தாகமும் வழியிலேயே பலரைக் கொன்றன. வாட் என்ற ஊரை உயிரோடு அடைந்தவர்கள் மிகச் சிலர். அங்கிருந்து எம்மா மெக்கியூன் என்ற பிரிட்டிஷ் உதவிப் பணியாளர் அவரைக் கென்யாவுக்குக் கடத்திக் கொண்டுபோய்ப் படிக்கவைத்தார். 1993இல் நைரோபியில் நடந்த சாலை விபத்தில் எம்மாவும் இறந்தார். தாய் போன்றவரையும் இழந்து நின்ற அந்தப் பையன் பற்றிக்கொண்டது தேவாலயப் பாட்டை. நெஞ்சில் இருந்த வலியைத் தணித்தது இசைதான் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். 2005இல் வட சூடானைச் சேர்ந்த முஸ்லிம் இசைக்கலைஞர் அப்தெல் காதிர் சலீமோடு சேர்ந்து ‘சீஸ்ஃபயர்’ என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். போரில் எந்தத் தரப்பை வெறுக்கப் பழக்கப்பட்டாரோ, அந்தத் தரப்பின் மண்ணிலிருந்து வந்தவர் சலீம்.

இதைக் கேட்டதும் இசை ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டது என்று சொல்லத் தோன்றும். அறிவியல் இங்கேதான் கையைப் பிடித்து நிறுத்தும். ஜாலைப் போலவே பாடிப் பார்த்தும் தேறாமல் போன பிள்ளைகள் இருந்திருந்தால், அவர்கள் இசைத்தட்டு வெளியிட்டிருக்க மாட்டார்கள். நமக்கும் அவர்களைத் தெரிந்திருக்காது. கரையேறியவர்களை மட்டும் விசாரித்துவிட்டு ஆற்றின் ஆழத்தைச் சொல்ல முடியாது. தவிரவும் அவருக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது, போர் இல்லாத நாடு கிடைத்தது, அன்பு காட்ட ஆள் இருந்தது, இறைநம்பிக்கை இருந்தது. இவற்றில் பாட்டின் பங்கு எவ்வளவு என்பதை ஒரு வாழ்க்கையைப் பார்த்து யாரும் பிரித்தெடுக்க முடியாது. ஆனால் அந்த வாழ்க்கை ஒரு நல்ல கேள்வியைக் கேட்கிறது. மனத்தில் அடிபட்ட ஒரு பதின்வயதுப் பிள்ளைக்கு இசை ஏதாவது செய்கிறது என்றால், அது என்ன? கிடைத்திருக்கும் ஆய்வுகளைச் சேர்த்துவைத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இது: அடிபட்ட உடம்பு இழந்துவிடும் ஒரு பழக்கத்தை, அதாவது அடுத்த கணத்தை அஞ்சாமல் எதிர்பார்க்கும் பழக்கத்தை, இசை மறுபடி பழக்கிவிடுகிறது. அதற்கும் இரண்டு நிபந்தனைகள் உண்டு. கூட ஆள் இருக்க வேண்டும். பாதியில் நிறுத்தக் கூடாது.

ஈழத்து உளமருத்துவ எழுத்துகளில் இந்தக் காயத்துக்கு மனவடு என்று பெயர். விபத்து, வன்முறை, பாலியல் துன்புறுத்தல், போர், வெள்ளம் என்று எதில் சிக்கிய பிள்ளையும் சில நாள் கலங்கும். பெரும்பாலோர் வீட்டாரின் அரவணைப்பில் மெல்லத் தேறிவிடுவார்கள். 2014இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, இப்படிப்பட்ட நிகழ்வுக்கு ஆளான சிறார்களில் 100க்கு ஏறத்தாழ 16 பேருக்கு அது நோயாக நிலைத்துவிடுகிறது. அந்தப் பிள்ளைக்கு நடந்து முடிந்தது முடிந்ததாகத் தெரிவதில்லை. கதவு சாத்தும் ஓசைக்கு உடம்பு தூக்கிவாரிப் போடுகிறது. தூக்கம் துண்டு துண்டாகிறது. பாடத்தில் மனம் நிற்பதில்லை. அதட்டினால் சீறுகிறது, இல்லையென்றால் கல்லாகிவிடுகிறது. மூளையில் ஆபத்தை முகர்ந்து எச்சரிக்கும் அமிக்டலா என்னும் பகுதி ஓயாமல் மணியடித்துக்கொண்டிருக்க, அதை ஆற்றுப்படுத்த வேண்டிய நெற்றிப்பகுதி மூளையின் பிடி தளர்ந்துபோகிறது. பதின்வயதில் இது இன்னும் கடினம். அந்த நெற்றிப்பகுதி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகள் ஆகும். எச்சரிக்கை மணி மட்டும் பெரியவருக்கு உள்ளதுபோல் ஒலிக்கும், அதை நிறுத்தும் கை இன்னும் சிறு கையாக இருக்கும். சுருக்கமாகச் சொன்னால், அடுத்த அடி எங்கிருந்து விழும் என்று அந்த உடம்பு எந்நேரமும் காத்துக் கிடக்கிறது.

பேசித் தீர்க்கலாமே என்றால், பேச்சே அங்கு முதலில் மாட்டிக்கொள்கிறது. 1996இல் பாஸ்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள், மனவடு நோயுள்ள எட்டுப் பேருக்கு அவரவர் அனுபவத்தை எழுதிய குறிப்பைக் கேட்கவைத்து மூளையைப் படம் எடுத்தார்கள். அச்சத்தோடும் காட்சியோடும் தொடர்புடைய பகுதிகளில் இரத்த ஓட்டம் ஏறியது. சொற்களைக் கோத்துப் பேச்சாக்கும் ப்ரோகா பகுதியில் இறங்கியது. எட்டுப் பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் பயத்தில் வாயடைத்துப்போனது என்று நாம் சொல்வது உடம்பிலேயே நடக்கிற காரியம் என்பதற்கு அது ஒரு சான்று. மனவடுவை மையமாக வைத்து எண்ணங்களையும் நடத்தையையும் சீராக்கும் பேச்சு வழிச் சிகிச்சைக்குத்தான் இன்று சிறார்களிடம் வலுவான ஆதாரம் இருக்கிறது. அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அந்த நாற்காலியில் வந்து உட்காரவே முடியாத பிள்ளையை என்ன செய்வது? டென்மார்க்கில் மனவடு நோயுற்ற 74 அகதிகளைக் கொண்டு நடந்து, 2021இல் வெளியான ஒரு சோதனையில், ஒரு குழுவுக்கு இசை கேட்டபடி மனத்தில் எழும் காட்சிகளோடு வேலை செய்யும் சிகிச்சையும், மற்றதற்குப் பேச்சு வழிச் சிகிச்சையும் தரப்பட்டன. இசைக் குழுவின் முன்னேற்றம் பேச்சுக் குழுவினதற்குக் குறைந்து போகவில்லை. இடையிலே விட்டுவிட்டுப் போனவர்கள் இசைக் குழுவில் மிகக் குறைவு. அவர்கள் பெரியவர்கள், பிள்ளைகளுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. எனினும் சொல் வராத இடத்தில் ஆளை இருத்திவைக்கும் வலிமை இசைக்கு உண்டு என்பதை அது காட்டுகிறது.

அந்த வலிமை எங்கிருந்து வருகிறது என்பதற்குக் கச்சேரி கேட்கும் எவரும் பாதி விடையைத் தொடையில் வைத்திருக்கிறார். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையும் சுற்றி வந்து சமத்தில் விழப்போகிறது என்பது கைக்கு முன்கூட்டியே தெரியும். மிருதங்கக்காரர் எவ்வளவு தூரம் அலைக்கழித்தாலும் கடைசியில் அங்கே வந்து சேர்வார் என்ற உறுதியில்தான் அந்த அலைக்கழிப்பே சுவையாகிறது. 2011இல் மாண்ட்ரியால் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை மூளைக்குள் பார்த்தார்கள். பிடித்த இசையைக் கேட்டு மயிர்க்கூச்செறியும் கணத்தில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அந்த உச்சத்துக்குச் சில நொடிகள் முன்னாலேயே, அது வரப்போகிறது என்று எதிர்பார்க்கும்போதும் மூளையின் வேறொரு பகுதியில் சுரக்கிறது. ஆக இசையில் இன்பத்தின் ஒரு பாதி காத்திருப்பதிலேயே இருக்கிறது. தமிழில் ‘அடி’ என்ற சொல் ஒன்றே தாக்குதலுக்கும் தாளத்துக்கும் நின்று பேசுகிறது. மனவடு பட்ட பிள்ளைக்கு முதல் பொருள் மட்டும் தங்கிவிட்டது. காத்திருந்தால் கெட்டதுதான் வரும் என்று கற்றுக்கொண்ட உடம்புக்கு, காத்திருந்தால் வருவது தாங்கக்கூடியதாகவும் இருக்கும் என்று நூறு முறை, ஆயிரம் முறை செய்து காட்டுவது தாளம். இதை வாயால் சொல்லி நம்பவைக்க முடியாது. மேளத்தில் கை வைத்தால் நான்கு நிமிடத்தில் முந்நூறு தடவை நடந்துவிடும். இந்த விளக்கத்தைத் தனியாகப் பிரித்தெடுத்து நிறுவிய சோதனை ஒன்றும் நான் அறிய இல்லை. தனித்தனி ஆய்வுகளை இணைத்து நான் வந்து சேர்ந்த ஊகம் இது. ஆனால் பின்னால் வரும் முடிவுகளை, கசப்பானவை உட்பட, இது நன்றாகவே விளக்குகிறது.

பாடுவதில் இன்னொரு பயன் மூச்சு வழியாக வருகிறது. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவதும், விடும்போது வேகஸ் நரம்பின் பிடியில் தணிவதும் இயற்கை. அஞ்சிய பிள்ளையிடம் மூச்சை மெதுவாக விடு என்று சொன்னால் அது பெரும்பாலும் முடியாது. நீண்ட ஓர் அடியைப் பாடச் சொன்னால் வேறு வழியில்லாமல் மூச்சு நீண்டுவிடும். சுவீடனின் கோட்டன்பர்க்கில் 18 வயது மாணவர்களைச் சேர்ந்து பாடவைத்து அளந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. பாட்டின் அடிகளுக்கு ஏற்ப மூச்சு ஒன்றுபட, பாடியவர்களின் இதயத் துடிப்பும் சேர்ந்தே ஏறி இறங்கியது. அவர்கள் நலமான பிள்ளைகள், நோயாளிகள் அல்ல. ஆகவே இது சிகிச்சைக்கு ஆதாரமாகாது, வழியை மட்டும் காட்டுகிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். நன்மை செய்வது இசையா, கூட இருக்கும் மனிதர்களா? நாலு பேரோடு கால்பந்து ஆடினாலும் இதே பயன் கிடைக்காதா? கிடைக்கக்கூடும், ஆடவிடுங்கள் என்றே நானும் சொல்வேன். ஆனால் 2015இல் வெளியான ஒரு பிரேசில் ஆய்வு இரண்டையும் சற்றே பிரித்துக் காட்டியது. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 264 பேரைக் குழுக்களாக்கி ஒரே இசைக்கு ஆடவைத்தார்கள். சில குழுக்கள் ஒத்த அசைவில் ஆடின, சில ஆளுக்கொரு விதமாக ஆடின. சிலவற்றில் உடல் உழைப்பு அதிகம், சிலவற்றில் குறைவு. உழைப்பு ஒரு பக்கம் வலி தாங்கும் ஆற்றலையும் நெருக்கத்தையும் கூட்டியது. உழைப்பு குறைவாக இருந்தாலும் ஒத்து அசைவது தனியாகவே அவற்றைக் கூட்டியது. பக்கத்தில் ஆள் இருப்பதற்கும் ஆளோடு ஒரே நேரத்தில் அசைவதற்கும் வேறுபாடு உண்டு என்பதே இதன் செய்தி. மனிதரால் காயப்பட்ட பிள்ளைக்கு மனிதர் அருகில் வருவதே அச்சம். பார்வையைச் சந்திக்காமல், எதுவும் விளக்காமல், அதே சமயம் ஒருவரோடு ஒத்துப்போக வேறு எத்தனை இடம் இருக்கிறது?

இனி உண்மையான சோதனைக்கு வருவோம். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள், மனநலச் சேவைக்கு வந்த 8 முதல் 16 வயது வரையிலான 251 பேரை 2011 முதல் 2014 வரை சேர்த்து நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை தொடர்ந்தது. குலுக்கல் முறையில் தேர்ந்த ஒரு பாதியினருக்கு மட்டும் கூடுதலாக வாரம் ஒரு முறை, அரை மணி நேரம், 12 வாரங்கள் இசைச் சிகிச்சை. அதில் பாடம் கிடையாது, சரி தவறு கிடையாது. கித்தாரோ கீபோர்டோ மேளமோ, பிள்ளை தனக்குத் தோன்றியதை வாசிக்கும். சிகிச்சையாளர் அதற்கு இசைந்து வாசிப்பார். பாடகர் போகிற போக்கில் போய்த் தாங்கும் நல்ல பக்கவாத்தியம் போன்ற வேலை அது. தான் எடுத்துவைக்கும் அடிக்கு இன்னொருவர் செவிகொடுத்துப் பதில் தருகிறார் என்பது, யாரும் தன் குரலைப் பொருட்படுத்தாத இடத்திலிருந்து வந்த பிள்ளைக்குச் சிறிய விஷயம் இல்லை. முடிவு என்ன? ஆய்வாளர்கள் முதன்மையாக அளக்க எண்ணிய பேசிப் பழகும் திறனில் மொத்தக் குழுவையும் எடுத்துக்கொண்டால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 13 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் மட்டும் முன்னேற்றம் தெரிந்தது. சிகிச்சை முடிந்த கையோடு, 13ஆம் வாரத்தில் அளந்தபோது தன்மதிப்பு உயர்ந்திருந்தது, மனச்சோர்வு குறைந்திருந்தது. 26ஆம் வாரத்தில் திரும்ப அளந்தபோது அந்த வேறுபாடு நிலைக்கவில்லை. இந்தப் பிள்ளைகளின் சிக்கல்கள் பலவகை; எல்லோரும் மனவடு நோயாளிகள் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, பயன் கரைந்துவிட்டதே, பின் எதற்கு இந்தச் செலவு என்று கேட்பவர்கள் உண்டு. நான் அதை வேறுவிதமாகப் படிக்கிறேன். வாரம் அரை மணி என்றால் 12 வாரத்துக்கு மொத்தம் ஆறு மணி நேரம். மனத்தில் ஊறிய சோர்வை ஆறு மணி நேரத்தில் ஓரளவு தணிக்க முடிந்தது என்பதே கவனிக்க வேண்டிய செய்தி. நிறுத்திய பிறகு அது மீண்டதில் வியப்பில்லை. பழக்கத்தால் வந்த நன்மை பழக்கம் நின்றால் போகும். நடைப்பயிற்சி அப்படித்தான், சாதகம் அப்படித்தான். நோய்க்கிருமியைக் கொல்லும் மாத்திரையை எடைபோடும் தராசில் இசையை வைத்தது நம் பிழை. ஆனால் இந்த வாதத்துக்கு ஒரு கடன் இருக்கிறது: தொடர்ந்து கொடுத்தால் பயனும் தொடரும் என்று காட்ட வேண்டும். அதற்கு நீண்ட கால ஆய்வுகள் வேண்டும். இப்போதைக்கு அவை போதாது.

நீண்ட காலப் பயிற்சிக்கு உலகம் காட்டும் எடுத்துக்காட்டு வெனிசுவேலாவின் ‘எல் சிஸ்தேமா’. ஹோசே அந்தோனியோ அப்ரேயு 1975இல் தொடங்கிய இந்த இலவச இசைப் பயிற்சித் திட்டத்தைப் பற்றி வியந்து எழுதாத நாடு இல்லை. 2,914 சிறார்களை வைத்து 16 மையங்களில் நடந்த முறையான சோதனை 2017இல் வெளிவந்தபோது, தன்னைக் கட்டுப்படுத்தும் திறனில் சிறிதளவு உயர்வும், நடத்தைச் சிக்கல்களில் சிறிதளவு குறைவும்தான் தெரிந்தன. அளந்த மற்றவற்றில் மொத்தக் குழுவுக்கு மாற்றமில்லை. வன்முறையைக் கண்டு வளர்ந்த பையன்களிடம் பயன் கூடுதல். இன்னொரு கசப்பும் இருந்தது. அந்தப் பகுதிகளில் வறுமையில் வாழும் சிறார் 46.5 விழுக்காடு என்றால், திட்டத்துக்கு வந்தவர்களில் அவர்கள் 16.7 விழுக்காடு. வேண்டியவர்களிடம் போய்ச் சேரவில்லை.

நமக்கு மிக அருகில் நடந்த ஆய்வு இலங்கையின் வடக்கில், போரின் நடுவே வாழ்ந்த பள்ளிப் பிள்ளைகள் 399 பேரிடம் நடந்தது, 2012இல் வெளியானது. பதின்வயதின் வாசலில் நின்ற அந்தப் பிள்ளைகளுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களே ஐந்து வாரங்களில் 15 அமர்வுகள் நடத்தினார்கள். எண்ணங்களைச் சீராக்கும் பயிற்சியோடு ஆட்டம், பாட்டு, நாடகம், விளையாட்டு எல்லாம் கலந்த முறை அது. ஆகவே இசையின் பங்கை மட்டும் அதிலிருந்து பிரிக்க முடியாது. முரட்டு நடத்தை குறைந்தது. பையன்களிடம் மனவடு அறிகுறிகளும் பதற்றமும் ஓரளவு தணிந்தன. பெண்பிள்ளைகளிடம் முடிவு தலைகீழ்: அமர்வுகளில் கலந்துகொண்டவர்களைவிட, தங்கள் முறைக்காகக் காத்திருந்த பெண்களுக்கே மனவடு அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்திருந்தன. அன்றாட வாழ்வில் போர் நெருக்கடி குறைவாக இருந்த பிள்ளைகளுக்குத்தான் பயன் அதிகம். நல்லெண்ணத்தோடு செய்யும் எதுவும் நன்மையே தரும் என்று நம்புகிற எல்லோரும் இந்த முடிவைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன விளக்கத்தோடு இது பொருந்தவும் செய்கிறது. வெளியே அடி இன்னும் நிற்காதபோது, அடுத்த அடிக்கு அஞ்சிக் காத்திருப்பது நோய் ஆகாது. அந்தப் பிள்ளை உயிர்காத்துக்கொள்ளும் அறிவு அது. அடிக்கும் வீட்டிலேயே பிள்ளையை விட்டுவிட்டு வாரம் ஒரு பாட்டு வகுப்புக்கு அனுப்புவது, ஒழுகும் கூரையின் கீழ் தரையைத் துடைப்பதற்கு ஒப்பு. பாதுகாப்பு முதலில், பாட்டு அதற்குப் பிறகு.

இசை காயப்படுத்தவும் செய்யும். குவாண்டனாமோ சிறையில் கைதிகளைத் தூங்கவிடாமல் வதைக்க உரத்த இசை பயன்பட்டது. நிறுத்தும் உரிமை கேட்பவரிடம் இல்லாதபோது எந்த இசையும் தாக்குதலாகிவிடும். கொடுமை நடந்த வேளையில் வானொலியில் ஓடிய பாட்டு, பல ஆண்டு கழித்துத் தேநீர்க் கடையில் கேட்டாலும் அந்த இடத்துக்கே இழுத்துப்போய்விடக்கூடும். சோகப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் துயரத்தையே சுற்றிச்சுற்றி வரும் பழக்கம் சிலருக்கு மனச்சோர்வைக் கூட்டுகிறது என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இனிய இசை என்றாலே நெருக்கடியைத் தணிக்கும் என்ற எண்ணமும் முழு உண்மை இல்லை. 2013இல் வெளிவந்த ஒரு சூரிச் ஆய்வில், 60 பெண்களைப் பதற்றமூட்டும் தேர்வுக்கு முன் மூன்று குழுக்களாக்கி அமைதியான இசையும், நீரோடை ஒலியும், வெறும் அமைதியும் தந்தார்கள். நெருக்கடி நேரத்தில் சுரக்கும் கார்டிசால் இசை கேட்டவர்களிடம்தான் மிகக் கூடுதலாக இருந்தது. ஆனால் தேர்வுக்குப் பின் அவர்களின் நரம்பு மண்டலம் விரைவாக மீண்டது. அமைதிப்படுத்தும் பாட்டு என்று யாரோ தொகுத்த பட்டியலை எல்லாப் பிள்ளைகள் காதிலும் ஊற்றுவது வீண் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? எந்த இசை, எவ்வளவு நேரம், எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அந்தப் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். அதன் கையிலிருந்து ஒருகாலத்தில் பறிக்கப்பட்டதே அந்த அதிகாரம்தான்.

ஆகவே பள்ளிகளிடம் ஒன்று கேட்கிறேன். தேர்வு நெருங்கியதும் முதலில் வெட்டப்படும் பாட்டு வகுப்பை வெட்டாதீர்கள். போட்டிக்கும் ஆண்டுவிழாவுக்கும் ஆள் பொறுக்காமல், குரல் உடைந்த பையனும் சுருதி சேராத பெண்ணும் வந்து உட்காரக்கூடிய வகுப்பாக அது வாரம்தோறும் நடக்கட்டும். இதைச் சிகிச்சை என்று அழைக்க வேண்டாம். சிகிச்சைக்குப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். பெற்றோருக்கும் ஒரு சொல். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே பாட்டைக் கேட்கும் பிள்ளையிடம் இதென்ன பாட்டு என்று சலித்துக்கொள்ளாதீர்கள். பாட்டு முடிந்தபின் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். லேசாக இருக்கிறது என்றால் அந்தப் பாட்டை விட்டுவைக்கலாம். பாரம் கூடுகிறது என்றால், தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், சாவைப் பற்றிப் பேசினால் அல்லது தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டால், இசையை நம்பி நாள் கடத்த வேண்டாம். உளமருத்துவரிடம் அழைத்துப் போங்கள். யாரிடம் போவது என்று தெரியாதவர்களுக்கு இந்தியாவில் டெலி-மானஸ் உதவி எண் 14416, இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926.